கழுவிக் கொடுத்த ஜக்கு

தர்ஸா ஆல்டர்சனின் செர்ரி என்ற பசு செவ்வாய்க்கிழமை ஈன்ற கன்று, அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை அதன் வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. வந்த வழியிலேயே போனது. வந்ததற்கு நேர்மாறாக, முதலில் பின்னங்கால்கள், அப்புறம் உடம்பு, கடைசியில் முன்னங்குளம்புகளும் அவற்றின்மேல் வைத்திருந்த மூக்கும். பசு கத்தவில்லை. காரியம் முடிந்ததும் வாலை ஒரு தரம் சுழற்றிவிட்டு, பாதியில் விட்ட புல்லை மறுபடி மெல்லத் தொடங்கியது. பார்த்தவர்கள் மூன்று பேர். தர்ஸாவிடம் வருஷக் கூலிக்கு இருந்த கிட் கால்வர்ட் கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தான். கையிலிருந்த நீளப்பிடி இரும்புக் கவையின் ஒரு பல் தன் பூட்ஸைத் துளைத்து இறங்கியதை அவன் சாயங்காலம்தான் கண்டுபிடித்தான். தபால்காரர் ஹார்க்கர் வாசலில் நின்றிருந்தார். அப்படியே பின்னால் நகர்ந்து ஈரச் சாணத்தில் உட்கார்ந்தார், மீதித் தபால் திங்கட்கிழமைதான் பட்டுவாடா ஆனது. மூன்றாவது ஆள் தர்ஸாவேதான். கையில் ஒரு காலி ஜக்கோடு நின்றிருந்தாள். "நீ உள்ள தள்ளுனியா?" என்று கிட்டைக் கேட்டாள். "நான் கையே வைக்கல எசமானியம்மா" என்றான் அவன். அந்த அக்டோபரில் காய்ந்த புல்லின் விலையும் ஏறியிருந்தது. இவை இரண்டையும் விட்டால் அந்த வாரம் கெல்ட்ரிக்கில் விசேஷம் ஒன்றும் இல்லை.

கெல்ட்ரிக் என்பது யார்க்ஷயரின் வடமேற்கு மேட்டில் ஒன்பது வீடும் ஒரு மெதடிஸ்ட் ஜெபக்கூடமும். மாடு கன்று போட்டால் முதல் நாள்களின் சீம்பாலை அங்கே யாரும் விற்பதில்லை, கீழே ஊற்றுவதும் இல்லை. ஒரு ஜக்கில் ஊற்றி வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கிய வீட்டில் அதை வைத்து டார்ட் போடுவார்கள். பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவைத் தகரத் தட்டில் மெல்லிசாகப் படியவிட்டு, ஓரத்தை விரலால் நெளித்து, நடுவில் சீம்பாலும் வெண்ணெயும் உலர்ந்த திராட்சையும் விட்டு, மேலே ஜாதிக்காயைத் துருவி அடுப்புக்குள் தள்ளினால், முட்டை இல்லாமலே தானாகக் கட்டிப்பட்டு மஞ்சளாக நிற்கும். மற்ற நாளில் சாதாரணப் பாலைத் திரித்துச் செய்வார்கள். மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தெகொஸ்தே விருந்துக்கு அப்படித்தான் செய்தாக வேண்டும். ஆனால் சீம்பால் டார்ட்டுக்கு இருக்கிற மரியாதை அதற்குக் கிடையாது. ஜக்கைத் திருப்பும்போது கழுவக் கூடாது. உள்ளே படிந்த மஞ்சள் ஆடையோடு, காய்ந்தது காய்ந்தபடி கொடுக்க வேண்டும். கழுவினால் கன்றுக்கு ஆகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மழையில் நின்றால் நனையும் என்று யார் போய்ச் சொல்வார்கள்?

கிட்டின் மனைவி வின்னி லீட்ஸ் பட்டணத்துக்காரி. பதினாலு வயதிலிருந்து அங்கே ஒரு நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கை தானாக முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டும். வசந்தத்தில் கல்யாணமாகி வந்தாள். அக்டோபரில் அவளுக்கு ஐந்து மாதம். கிட் கொண்டுவந்த சீம்பாலைப் பார்த்து முதலில் கெட்டுப்போன பால் என்று நினைத்தாள். "மஞ்சக் காமாலை வந்த மாட்டுதா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, கொதிக்கவிடாமல் இளம்சூட்டில் வைக்கச் சொன்னான். சொன்னபடி செய்தாள். டார்ட் நன்றாக வந்தது. பாதியைக் கிட் நின்றுகொண்டே தின்றான். பிறகு அவள் ஜக்கை எடுத்தாள். சலவைச் சோடா போட்டு ஊறவைத்தாள், வெந்நீர் ஊற்றினாள், கைக்கு எட்டாத அடிப்பாகத்தைக் குச்சியில் துணி சுற்றித் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்தாள், கடைசியாக ஒரு மெல்லிய துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். புது இடத்தில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற எண்ணம்தான். வெள்ளிக்கிழமை காலை தானே எடுத்துக்கொண்டு தர்ஸாவின் சமையலறை வாசலுக்குப் போனாள்.

தர்ஸாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா விட்டுப்போன பண்ணையைத் தனியாக நடத்தினாள். ஜக்கை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கழுவினியா?"

"நல்லா கழுவியிருக்கேன் மிஸ் ஆல்டர்சன். சோடா போட்டு."

"உள்ளயுமா?"

"உள்ளதானே முக்கியம்."

தர்ஸா வின்னியைச் சுற்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்து கொட்டிலுக்குப் போனாள். அப்போது கன்றின் பின்னங்கால்கள் முட்டிவரை உள்ளே போயிருந்தன. திரும்பி வந்து ஜக்கை வாசலையொட்டிய ஆணியில் வாய் கீழாக மாட்டினாள். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. அவள் வின்னியைத் திட்டவும் இல்லை, கிட்டை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நவம்பரில் வேலையாட்களை மாற்றும் நாள் வந்தபோது, "இருக்கியா, போறியா?" என்று மட்டும் அவனிடம் கேட்டாள். வின்னியோடு பேச்சு நின்றுபோனது. ஒரு வருஷத்துக்கு மேல் அது திரும்ப வரவில்லை.

கன்றோடு முடிந்தது என்று முதலில் நினைத்தார்கள். பசுவின் வயிறு வைத்தது வைத்தபடி நின்றது, மடி வற்றியது. குளிர்காலத்தில் ஜெபக்கூடத்துப் பூனை குட்டி போட வேண்டிய நாளைத் தாண்டியது. பிப்ரவரியில் வின்னியின் நாளும் தாண்டியது. மருத்துவச்சி வந்து கையை வைத்துப் பார்த்து, கணக்குத் தப்பு என்றாள். இன்னொரு மாதம் கழித்து மறுபடி வந்தவள், யாருடைய கணக்கு என்று சொல்லாமல் போய்விட்டாள். அப்போது கிட் ஒரு குதிரைவண்டியை இரவல் வாங்கி, மனைவியை லீட்ஸில் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தான். மலைமுகட்டில் கெல்ட்ரிக்கின் எல்லையாக ஒரு கற்சுவர் உண்டு. குதிரை அதன் வாயிலைத் தாண்டிற்று. வண்டியின் முன்சக்கரம் தாண்டிற்று. வின்னி உட்கார்ந்திருந்த பலகை தாண்டியதும் அவள் வயிறு இறங்கியது. காற்றுப் போன பையைப் போல அவள் கண்ணெதிரே இறங்கி, மேல்கோட்டு மடிந்து மடியில் விழுந்தது. உள்ளே அசைவு நின்றது. அவள் கணவனின் கையை எட்டிப் பிடித்து லகானை இழுத்தாள். குதிரை பின்னுக்கு நடக்காத ஜாதி. கிட் இறங்கி, வண்டியைத் தோளால் முட்டிப் பின்னுக்குத் தள்ளினான். பலகை சுவருக்கு இந்தப் பக்கம் வந்ததும் வயிறு பழையபடி நிறைந்தது, குழந்தை பலமாக ஓர் உதை விட்டது. இருவரும் அங்கேயே பனியில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்னாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு வின்னி அந்தச் சுவரின் பக்கம் போகவில்லை. அந்தக் குழந்தை பிறந்தால் கெல்ட்ரிக்கில்தான் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரலில் ஊருக்கும் தெரிந்தது. அது ஆடுகள் குட்டி போடும் மாதம். மேடு முழுக்க ஆடுகள் பீப்பாய்களைப் போல நின்றன. ஒன்றுகூடக் குட்டி போடவில்லை. மாத நடுவில் ஒரு காலை, மேய்ச்சலுக்குப் போனவர்கள் குட்டிகள் கத்துவதைக் கேட்டு ஓடினார்கள். குட்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. சத்தம் தாய்களின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. ஐந்நூறு ஆடுகள் வாயை மூடிக்கொண்டு நின்றன, அவற்றின் வயிறுகள் கத்தின. வயதான மேய்ப்பர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. கோழிகள் மட்டும் வழக்கம்போல முட்டையிட்டன, அவற்றில் குஞ்சும் பொரித்தது. பால் கொடுக்காத பிராணிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முட்டை விலை இறங்கியது.

வின்னியை யாரும் முகத்துக்கு நேராகக் குற்றம் சொல்லவில்லை. மேட்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அவளிடமிருந்து இரவல் போன பாத்திரம் எதுவும் கழுவித் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு ஐவ்சன் பொண்டாட்டி, ஆட்டிறைச்சிக் குழம்பு காய்ந்து வெடித்த தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கொடுத்தாள். "கழுவலாம்னுதான் எடுத்தேன் புள்ள. அப்புறம் எதுக்குடா வம்புன்னு வச்சிட்டேன்."

"பரவால்ல மிசஸ் ஐவ்சன். ஒங்க வீட்டுக் குழம்புல என்ன போடுவீங்கன்னு தெரிஞ்சிக்க ஆசைதான்" என்று வின்னி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியபின் தொட்டிமேல் குனிந்து நின்றாள். உள்ளே குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அவள் வயிற்றைத் தட்டிக் கொடுத்தாள்.

பெந்தெகொஸ்தே வந்தது. ஜெபக்கூடத்து விருந்து மேசையில் அந்த வருஷம் டார்ட் குறைவு, பால் வற்றிக்கொண்டிருந்தது. வின்னி ஒன்று செய்துகொண்டு போனாள். கறவை நிற்காத ஒரு கிழட்டு மாட்டின் பாலை வாங்கி, லீட்ஸில் செய்வதுபோல வினிகர் விட்டுத் திரித்தது. "இது பட்டணத்து டார்ட்டா? பளிச்சுன்னு இருக்கு" என்றாள் ஐவ்சன் பொண்டாட்டி. யாரும் துண்டு எடுக்கவில்லை. போதகர் மட்டும், பாவம் பார்த்து, கத்தியை எடுத்தார். வின்னி அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஜாதிக்காய் துருவக் குனிந்தபோது, அவளுடைய மேலங்கிக்கு அடியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. சிறிய, தெளிவான தும்மல். போதகர், தும்மியவரை வாழ்த்தும் பழக்கதோஷத்தில், "கர்த்தர் ஆசீர்வதிப்பார் அம்மா" என்றார்.

"நான் தும்மல" என்றாள் வின்னி.

இரண்டாவது தும்மல் வந்தபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்; எல்லோரும் பார்த்தார்கள். போதகர் கத்தியைக் கீழே வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்து போனதாகச் சொல்வார்கள்.

அந்தக் கோடையில் கிட் முகட்டுக்கு அப்பால் இருக்கிற பள்ளத்தாக்கில் சீம்பால் கேட்டுப் போனான். ஜக்கில் மறுபடி சீம்பால் படிந்தால் சரியாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது; ஆனால் கெல்ட்ரிக்கில் கன்று போட மாடு இல்லை. அப்பால் உள்ளவர்கள் நல்லவர்கள். கொடுத்தார்கள். அவன் தேநீர் குடித்த கோப்பையை மட்டும் அவசரமாக அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நாங்க கழுவிக்கிறோம், நீ ஒண்ணும் செய்யாத தம்பி" என்றார்கள். மூடிபோட்ட பால்பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லைச் சுவரைத் தாண்டினான். வீட்டில் மூடியைத் திறந்தபோது உள்ளே ஓடைத் தண்ணீர் இருந்தது. விரல்நீள மீன் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று தடவை போனான். மூன்றாவது தடவை மீன் பெரிதாக இருந்தது. அதை வறுத்துத் தின்றார்கள்.

குளிர்காலத்தில் சந்தையூரிலிருந்து டாக்டர் வந்தார். படித்த, கண்ணியமான மனிதர். காதில் குழாயை மாட்டி, மறுமுனையை வின்னியின் வயிற்றில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், கெல்ட்ரிக்காரர்கள் பேசுவதுபோலவே இழுத்து, "சில்லுன்னு இருக்கு" என்றது. டாக்டர் குழாயை எடுத்தார். தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து அதைச் சூடாக்கினார். மறுபடி வைத்து, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். "ம்" என்றது. டாக்டர் தொப்பியை விட்டுவிட்டுப் போனார். திரும்பி எடுக்கவும் வரவில்லை.

அன்றிலிருந்து குழந்தை பேசியது. வின்னி எதைச் செய்தாலும் என்ன செய்கிறாய் என்று கேட்கும். அப்பா வந்தாச்சா என்று கேட்கும். குரல் வளர்ந்தது, வயிறு வளரவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் கண்ணைத் திறக்கும்போது முதலில் கேட்பது, "அம்மா, எப்போ?" என்பதுதான். "சீக்கிரம்" என்பாள். "நேத்தும் அதான் சொன்ன" என்று பதில் வரும். ஒருநாள் கேட்காமல் விட்டது. அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. வின்னி வேலையைப் போட்டுவிட்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடினாள், கதை சொன்னாள், கெஞ்சினாள். இருட்டுகிற நேரத்தில், "தூங்கினேன்" என்று பதில் வந்தது. அதன்பின் குழந்தை அடிக்கடி அப்படித் தூங்கியது. ஒவ்வொரு தூக்கமும் முன்னதைவிட நீண்டது. ஆடுகளின் வயிறுகளும் கத்துவதைக் குறைத்திருந்தன. குழந்தை இனி ரொம்ப நாள் தாங்காது என்று கிட்டுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இரண்டாவது பெந்தெகொஸ்தேக்கு முந்தைய சனிக்கிழமை, வின்னி தொட்டியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மூன்று நாளாகத் தூக்கம். சட்டையின் முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்து, துவைக்கிற தண்ணீர் தெறித்தது என்று நினைத்தாள். பிறகு அதன் நிறத்தைப் பார்த்தாள். மஞ்சள். விரலால் தொட்டாள், பிசுபிசுத்தது. ஈரக் கையோடு, போர்வையைப் பாதி முறுக்கியபடியே விட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தர்ஸாவின் வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஐவ்சன் பொண்டாட்டி, "எங்க புள்ள இம்புட்டு வேகமா?" என்று கேட்டாள். வின்னிக்கு அது காதில் விழவில்லை.

தர்ஸா கதவைத் திறந்தாள்.

"அந்த ஜக்கு வேணும் மிஸ் ஆல்டர்சன்."

"எதுக்கு?"

"நெரப்பிக் குடுக்க."

"எதால? ஊரெல்லாம் சுத்தினாலும் ஒரு சொட்டு கிடையாது."

வின்னி சால்வையை விலக்கினாள். தர்ஸா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நூற்றுக்கணக்கான மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்; கை முழங்கை வரை இரத்தத்தில் இருக்கும்போதே சாண்ட்விச் தின்னக்கூடியவள். இப்போது அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல இருந்தது.

"புத்தி பேதலிச்சிடுச்சா ஒனக்கு?"

"இல்ல."

"மனுஷி பால். அதுல நான் டார்ட் போடணுமா?"

"ஆமா."

"போட்டு, திங்கணுமா?"

"நான் உங்க பசுவோடத தின்னேன்ல" என்றாள் வின்னி.

கொட்டில் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. தர்ஸா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்து ஜக்கை எடுத்தாள். ஒன்றரை வருஷத்தில் ஒரு சிலந்தி உள்ளே குடித்தனம் வைத்திருந்தது. அதைத் தட்டி வெளியே விட்டாள். "வாசல்ல நிக்காத. உள்ள வந்து ஒக்காரு. நான் திரும்பிக்கிறேன்."

ஜக்கின் அடியை மூடும் அளவுக்குத்தான் வந்தது. தர்ஸா அடுப்பில் கரி போட்டு, ஒரு கைப்பிடி மாவில் கொழுப்பை உதிர்த்துப் பிசைந்து, சின்னத் தகரக் கிண்ணம் ஒன்றில் படியவிட்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, எத்தனையோ வருஷப் பழக்கம் மாதிரி சண்டை பிடித்தார்கள். சர்க்கரை போடு என்றாள் வின்னி. சீம்பாலுக்குச் சர்க்கரை போடுவது பட்டணத்துக்காரர்களின் வேலை என்றாள் தர்ஸா. திராட்சை மூன்று போதும் என்றாள் ஒருத்தி, நாலு என்றாள் மற்றவள். தர்ஸா ஜாதிக்காயைத் துருவ எடுத்தபோது, மூன்று நாளாகப் பேசாத குரல், சோம்பலாக, "அது வேண்டாம். தும்மல் வரும்" என்றது. தர்ஸா அதற்குமுன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. துருவியைக் கீழே போட்டாள். குனிந்து எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "சரி, போடல" என்று வின்னியின் வயிற்றைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னாள்.

டார்ட் மஞ்சளாகக் கட்டிப்பட்டது. மாட்டுச் சீம்பாலுக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆறுவதற்கு வைத்த நேரம் முழுக்கத் தர்ஸா அதைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை அசைய, விழுங்கினாள். வின்னி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்புக் கரிக்குது" என்றாள் தர்ஸா.

"அப்படியா. எனக்குத் தெரியாது, குடிச்சதில்ல."

தர்ஸா மீதியையும் தின்றாள். ஓரத்து மாவையும் விடவில்லை. தின்று முடித்து எழுந்து, ஜக்கைக் கையில் எடுத்தாள். வின்னியிடம் கொடுக்கத்தான் எடுத்தாள். ஆனால் அவள் நடந்தது தண்ணீர்த் தொட்டியை நோக்கி. வலது கை வெந்நீர்க் கெட்டிலின் பிடியைப் பிடித்திருந்தது, கெட்டில் சாய்ந்துவிட்டது, ஒரு சொட்டு அதன் மூக்கில் திரண்டு நின்றது. மனுஷ உடம்பிலிருந்து வந்தது பாத்திரத்தில் காய்வதை அவளால் பார்க்க முடியவில்லை. அந்தச் சொட்டு விழுவதற்குள் தர்ஸா தன் கையைத் தானே பார்த்துவிட்டாள். மற்றவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கெட்டிலை மெதுவாக நிமிர்த்தி அடுப்பில் வைத்தாள்.

"பாத்தியா. தானாப் போகுது" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் போச்சு, மிஸ் ஆல்டர்சன்."

"ம்." தர்ஸா ஜக்கை, உள்ளே படிந்த மஞ்சள் ஆடையோடு, இரண்டு கையாலும் நீட்டினாள். "தர்ஸான்னு கூப்பிடு. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு மிஸ் என்ன மிஸ்."

வின்னி அதை வாங்கினாள். வாங்கியதும் அவளுக்கு இடுப்பில் வலி பிடித்தது. தர்ஸா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கல்தளத்தில் மண்டியிட்டாள். மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்த வேலை. நேரமும் அதிகம் ஆகவில்லை. பிறந்தது ஒரு பெண், ஒன்றேகால் வயசுப் பெண். தலையில் தோளைத் தொடும் முடி, வாயில் முன்பற்கள் எல்லாம் இருந்தன. அழவில்லை. தளத்தில் உட்கார்ந்து, கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "வெளிச்சம் ஜாஸ்தி" என்றது. பிறகு எழுந்து, மேசைக் காலைப் பிடித்து, மேலே பார்த்து, டார்ட் இருந்த தகரக் கிண்ணத்தைக் கண்டு, "தீந்துபோச்சா?" என்று கேட்டது. ஐம்பது வருஷத்தில் யார் முன்னாலும் அழாத தர்ஸா, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டி அதன் வாயில் வைத்துவிட்டு அழுதாள்.

அதே சமயம் கொட்டிலில் செர்ரி ஒரு கிடேரியைப் போட்டது. அதற்குக் கொம்பு முளைத்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து எழுந்து நேராகத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. மேட்டில் ஆடுகள் வரிசையாகக் குட்டி போட்டன. குட்டி என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரு வருஷத்து ஆடுகள், முழு ரோமத்தோடு இறங்கின. தாயும் பிள்ளையும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, எது எதுவென்று தெரியவில்லை. ஐவ்சன் தன் ஆட்டைத் தேடிப் போய்த் திரும்பி வந்து, வீட்டுப் படியில் உட்கார்ந்து, தன் பெயரை மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஜூன் மாதம் ஆகையால் அடுத்த வாரமே ரோமம் கத்தரிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் கம்பளி நிறைய, விலை சுமார்.

குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று குழந்தையிடமே கேட்டார்கள். ஹெஸ்டர் என்றது. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. எங்கே கேட்டாய் என்றால், அதுவும் தெரியவில்லை. அப்படியே வைத்தார்கள். திங்கட்கிழமை கிட் சமையலறைத் தளத்தில் அவளை நிறுத்தி, பாதத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு சந்தையூருக்கு நடந்தான். அங்கே மரஅடி வைத்துச் செருப்புத் தைக்கிற பெரியவர் குச்சியை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"வயசு என்ன புள்ளைக்கு?"

"சனிக்கிழமை பொறந்தது."

பெரியவர் அவனைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். கெல்ட்ரிக்கா என்று கேட்டார். ஆமாம் என்றான் கிட். "மேட்டு வழியில கல் ஜாஸ்தி" என்றார் அவர், தோலை விரித்தபடி. "அடியில இரும்பு வச்சே தைச்சிடுறேன். வளர்ற புள்ள, ஒரு விரக்கடை விட்டே வெட்டுறேன்."